செங்கல் நிற ஒயினும் தாத்தாவின் கள்ளும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு. பிரிக்பீல்ட்ஸில் ரயில் தண்டவாளத்தைப் பார்த்தபடி இருக்கும் ஓர் அடுக்குமாடி வீடு. நாங்கள் ஐந்து பேர். எல்லாரும் 1990இல் பிறந்தவர்கள், ஊடகத்துறையில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒருவன் மட்டும் படிப்பு முடிந்ததும் சமையல் பக்கம் போய்விட்டான். சில ஆண்டுகள் பிரான்சில் வேலை செய்துவிட்டு இப்போது ஊர் திரும்பியிருக்கிறான். கிளம்பும்போது அவனுடைய முதலாளி ஒரு போத்தலைக் கையில் கொடுத்து அனுப்பினாராம். போர்தோ பக்கம் மெடோக் என்ற வட்டாரத்துச் சிவப்பு ஒயின். லேபிளில் 1990 என்று போட்டிருந்தது.

"நம்ம வயசு லா" என்றான்.

நான் குடிக்கிறவள் இல்லை. விருந்துகளில் ஆரஞ்சுச் சாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிற ஆள். அதற்கான காரணம் கிள்ளானில் இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.

அவன் போத்தலை முதல் நாளே நிமிர்த்தி வைத்திருந்தான். பழைய ஒயினில் வண்டல் இருக்குமாம், அது அடியில் தங்க வேண்டுமாம். திறக்கும்போது தக்கை பாதியில் முறிந்தது. மிச்சத்தை மெல்லக் கிளறி எடுத்து, கைப்பேசி வெளிச்சத்தை போத்தலின் கழுத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு, டீ வடிகட்டி வழியாக ஒரு கண்ணாடிக் கூஜாவில் ஊற்றினான். ஏதோ அபிஷேகம் பார்ப்பது போல நாங்கள் பேச்சு மூச்சில்லாமல் நின்றோம்.

நிறத்தைப் பார்த்து ஏமாந்துபோனேன். ரிபீனா மாதிரி கருஞ்சிவப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இதுவோ ஓரத்தில் மங்கிய செங்கல் நிறம். செங்கல் சூளைகளால் பெயர் வாங்கிய பிரிக்பீல்ட்ஸுக்குப் பொருத்தம்தான் என்று ஒருத்தி சிரித்தாள்.

நண்பன் விளக்கினான். திராட்சைத் தோலிலும் விதையிலும் டேனின் என்ற பொருள் இருக்கிறது. கடுந்தேநீர் குடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்பைக் கொடுப்பது இதுதான். இளம் ஒயினில் அது முரட்டுத்தனமாக இருக்கும். ஆண்டுகள் போகப் போக, அந்தத் துகள்களும் நிறப்பொருளும் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து அடியில் படிந்துவிடும். துவர்ப்பு குறையும், நிறம் வெளுக்கும், பழ வாசனை போய் வேறு வாசனைகள் வரும். எல்லா ஒயினும் இப்படி முதிராது. பெரும்பாலானவற்றைச் சில ஆண்டுகளுக்குள் குடித்துவிட வேண்டும். 35 ஆண்டு தாங்குவதற்கு நல்ல திராட்சை, நல்ல பருவம், குளிர்ந்த இருட்டறை மூன்றும் வாய்க்க வேண்டும். 1990 போர்தோவுக்கு வெயில் நன்றாக அடித்த வருடமாம்.

முதலில் மூக்கருகே கொண்டுபோனபோது பூட்டிக் கிடந்த அலமாரி வாசம். "பொறு, மூச்சு விடட்டும்" என்றான். கால் மணி நேரம் கழித்து மறுபடி முகர்ந்தேன். ஈரச் சருகு. சுருட்டுப் புகையிலை. மழை நின்ற பிறகு கிளம்பும் மண்.

கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். அது என் தாத்தாவின் சட்டை வாசம்.

கோலசிலாங்கூர் போகும் சாலையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டினார்கள். பள்ளி விடுமுறைக்கு நான் லயத்து வீட்டுக்குப் போவேன். அதிகாலை வேலைக்குப் போய், மதியம் சருகு ஒட்டிய காலோடு தாத்தா வருவார். குளித்துவிட்டு, சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, மாலையில் கள்ளுக்கடைப் பக்கம் நடப்பார். அதன்பிறகு வரும் தாத்தா வேறு ஆள். முதல் ஒரு மணி நேரம் அருமையாகப் பாடுவார். அதற்கு அப்புறம் நடந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை. பாட்டி எங்களை அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தோட்டம் கைமாறி, குடும்பம் கிள்ளானுக்குக் குடிபெயர்ந்த பிறகு கள் கிடைக்கவில்லை. மலிவான சம்சுவுக்கு மாறினார். கல்லீரல் கெட்டு, நான் எட்டாவது வயதில் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார். என் அப்பா இன்றுவரை ஒரு சொட்டு தொட்டதில்லை. கல்யாண விருந்தில் போத்தல் திறக்கும் சத்தம் கேட்டால் செருப்பைத் தேடுவார். என் கையில் ஆரஞ்சுச் சாறு வந்த கதை இதுதான்.

நான் கிளாஸை வைத்ததைப் பார்த்து நண்பன் பேச்சை மாற்றினான். "பிரெஞ்சுக்காரனுக்கும் உங்க தாத்தா ஊர்ப் பக்கத்துக்கும் சம்பந்தம் உண்டு, தெரியுமா?" என்றான். எனக்கு அரைகுறையாகத் தெரியும். வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன்.

ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். கோன்யாக் பிராந்திக்குப் பேர்போன சாரந்த் வட்டாரத்தில், பார்பெசியூ ஊர்ப்பக்கம் பிறந்தவர். 1905இல் மலாயா வந்து, கோலசிலாங்கூர் அருகே ரந்தாவ் பஞ்சாங்கில் ரப்பர் தோட்டம் போட்டார். 1917இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கியவரும் அவர்தான். அதன் பெயர் தென்னமரம். ஆமாம், நம் தென்னைமரமேதான். தோட்ட வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய 'மலேசி' நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது.

ஒரு பிரெஞ்சுக்காரர் பரிசு வாங்கிய அந்த மண்ணில், நம் ஆட்களுக்கு என்ன கிடைத்தது? தோட்டத்துக்குள்ளேயே உரிமம் பெற்ற கள்ளுக்கடை. சம்பளம் ஒரு கையால் வரும், அதில் ஒரு பங்கு மறு கையால் கடைக்குத் திரும்பும்.

இதை நம்மவர்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்காதீர்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் போன்றவர்கள் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தில், சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டார்கள். தோட்டத்து அதிகாரிகளைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். அதே பட்டியலில் கள்ளுக்கடைகளை மூடு என்ற கோரிக்கையும் இருந்தது. நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். படையை இறக்கினார்கள், தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். 1947இல் கெடாவில் பீடோங் பக்கம் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள். கூலி உயர்வு கேட்ட அதே வாயால் குடியை நிறுத்து என்று கேட்டவர்கள் நம் பாட்டன்மார்.

இதையெல்லாம் படித்த பிறகு ஒரு விஷயம் என்னை உறுத்தியது. ஒயின் முகர்ந்து பார்ப்பவரை ரசனைக்காரர் என்கிறோம், கள் குடித்தவரைக் குடிகாரன் என்கிறோம். கணக்குப் போட்டால், 150 மில்லி ஒயினில் ஏறத்தாழ 15 கிராம் சாராயச் சத்து. ஒரு பெரிய மங்குக் கள்ளிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கல்லீரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது. எந்த அளவு மதுவும் உடம்புக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவால் 30 பேருக்கு மேல் இறந்தபோது, அதில் பலர் நம் தாத்தாக்களைப் போலவே பிழைக்க வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள்.

அப்படியானால் தாத்தாவின் மங்குக்கும் என் கிளாஸுக்கும் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. அது போத்தலுக்கு வெளியே இருக்கிறது. எனக்கு ஒரு கிளாஸோடு நிறுத்த நூறு காரணங்கள் உண்டு. மறுநாள் காலை நிகழ்ச்சி, நண்பர்கள், படிக்கப் புத்தகம், போக ஓர் இடம். தாத்தாவுக்கு வேலை முடிந்ததும் போக இருந்த ஒரே இடம் அந்தக் கடை. அதற்காக அவர் செய்ததை நான் மன்னிக்கிறேன் என்று அர்த்தமல்ல. மன்னிப்பதும் மன்னிக்காததும் பாட்டியின் உரிமை.

மறுநாள் ஞாயிறு. காலி போத்தலைப் பையில் போட்டுக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். பாட்டிக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. ஏன் கொண்டுபோனேன் என்று எனக்கே தெரியாது. மறைக்க மனமில்லை, அவ்வளவுதான்.

"பாட்டி, நேத்து ரெண்டு வாய் ஒயின் குடிச்சேன்."

பாட்டி போத்தலை வாங்கித் திருப்பிப் பார்த்தார். முப்பத்தைந்து வருடப் பழசு என்று சொன்னேன்.

"வெள்ளைக்காரன் முப்பத்தஞ்சு வருசம் வெச்சிருந்து குடிக்கிறான். உன் தாத்தாவுக்கு அடுத்த சம்பளம் வரைக்கும் காசு வெச்சிருக்கத் தெரியல" என்றார். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு கேட்டார். "ராத்திரி எப்படி வீட்டுக்குப் போன?"

"கிராப் எடுத்துட்டுப் போனேன் பாட்டி."

"ம். உன் தாத்தாவ நான்தான் தூக்கிட்டு வருவேன். இருட்டுல, ஒரு கையில பிள்ளையும் ஒரு கையில அவரும்."

முப்பது வருடமாக அவர் சொல்லாத வாக்கியம் அது. நானும் கேட்டதில்லை. அந்தப் பிற்பகல் முழுக்கப் பேசினார். தாத்தா பாடிய பாட்டுகள், கள்ளுக்கடைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை, சம்பள நாளில் கடைவாசலில் காத்துக் கிடந்த பெண்கள். வாசலில் நின்ற அந்தப் பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் வேலைக்குப் பயன்படுத்தும் ஒலிப்பதிவுக் கருவியை வெளியே எடுக்கவே இல்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

உங்கள் வீட்டிலும் இப்படிச் சாத்திய கதவு ஒன்று இருக்கலாம். திறக்க ஒயின் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

அந்த போத்தல் இப்போது கிள்ளானில்தான் இருக்கிறது. பாட்டி அதை வெந்நீர் ஊற்றிக் கழுவி, நல்லெண்ணெய் நிரப்பி, அடுப்பு மேடையில் வைத்திருக்கிறார்.