வம்பு வேண்டாம் என்பது மௌனமா?

காலையில் ஹெலிபேட் மைதானத்தில் நடக்கப் போனால் எங்கள் வயசுக்காரர்கள் சொல்வது ஒன்றுதான்: "மௌனம் கலக நாஸ்தி. நமக்கெதுக்கு சார் வம்பு?" தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டாலும் இதே மந்திரம். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து அடுத்த வீட்டு மருமகளைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார்கள். போதாக்குறைக்கு, "நம்ம ஊர் அரவிந்தரே வாய் திறக்காமல் இருந்தவர்தானே" என்று அவரையும் சாட்சிக்கு இழுக்கிறார்கள். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அரவிந்தர் புதுச்சேரிக்கு வந்தது 1910 ஏப்ரலில். 1926 நவம்பர் 24-க்குப் பிறகு தம் அறையோடு ஒதுங்கிவிட்டார். வருஷத்தில் மூன்று நாள், பிற்பாடு நான்கு நாள் தரிசனம். அப்போதும் பேச்சு கிடையாது. ஆனால் சீடர்களின் சந்தேகங்களுக்கு ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பதில் எழுதினார். 1942 மார்ச்சில் கிரிப்ஸ் ஒரு திட்டத்தோடு டில்லிக்கு வந்தார். போர் முடிந்ததும் இந்தியர்களே அரசியல் சட்டம் எழுதிக்கொள்ளலாம் என்றது அது. அரசியலை விட்டு 32 வருஷம் ஆன மனிதர், மார்ச் 31-ஆம் தேதி கிரிப்ஸுக்குத் தந்தி அடித்து அதை வரவேற்றார். ஏற்றுக்கொள்ளுங்கள் என்று காங்கிரஸ் தலைவர்களிடம் சொல்ல டில்லிக்கு ஆளும் அனுப்பினார். அவர்கள் கேட்கவில்லை. அவர் சொன்னது சரியா தப்பா என்பது வேறு சண்டை. பேச வேண்டிய நாளில் பேசினார் அல்லவா?

பயனில சொல்லாமைக்கு ஓர் அதிகாரம் வைத்த வள்ளுவர், அவையஞ்சாமைக்கும் ஒன்று வைத்திருக்கிறார். நாம் முதலாவதோடு புத்தகத்தை மூடிவிட்டோம்.

நானும் அப்படி மூடியவன்தான். குமாஸ்தாவாக இருந்தபோது, புருஷனை இழந்த ஓர் அம்மாள் குடும்ப பென்ஷனுக்காக மாசக்கணக்கில் நடந்தார். காகிதமெல்லாம் சரியாகவே இருந்தது. மேலதிகாரியின் மேஜையில் தூங்கியது. ஒருநாள் அவர், "நீதானம்மா இன்னும் பேப்பர் கொடுக்கல" என்று எல்லோர் எதிரிலும் எரிந்து விழுந்தார். மூன்றடி தள்ளி நான் குனிந்து பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். "சார், போன மாசமே கொடுத்துட்டாங்க." நாலு வார்த்தை. சத்தம் வேண்டாம், கோபம் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் மெசியே "சிலான்ஸ்!" என்று மேஜையைத் தட்டியது அன்றைக்கும் காதில் கேட்டதோ என்னவோ, வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து சம்சாரத்திடம் மட்டும் ஒரு மணி நேரம் பொரிந்து தள்ளினேன். இதற்குப் பெயர் அடக்கமா?

அந்தக் காகிதத்தை வாங்கி முத்திரை குத்தியவன் நான்தான். அது அந்த அம்மாளுக்கும் தெரியும். வெளியே போகும்போது என்னை ஒரு தடவை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.