வானிலை அறிக்கையும் வானத்து மேகமும்

“மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்” என்னும் வாசகம் வானொலியிலும் கைப்பேசியிலும் அடிக்கடி வருகின்றது. மழை காணாத கிராமத்தார் அறிக்கை பொய்த்தது என்பர். மழையில் நனைந்த அடுத்த கிராமத்தாரோ அறிக்கையை நினைப்பதே இல்லை. இதில் பிழை அறிக்கையினுடையது அன்று. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வழக்கில் ‘ஓரிரு இடங்கள்’ என்பது வரையறுத்த பொருளுடைய சொல். அப்பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களுள் நூற்றுக்கு 25 வரையிலானவற்றில் மழை பதிவாகலாம் என்பதே அதன் பொருள். ‘சில இடங்கள்’ எனின் 26 முதல் 50 வரை. ‘பெரும்பாலான இடங்கள்’ எனின் 75-க்கு மேல். ஆகவே ஓரிரு இடங்கள் என்று கூறப்பட்ட நாளில் நான்கில் மூன்று பங்கு ஊர்கள் நனையாதிருப்பின், அறிக்கை பலித்தது என்றே கொள்ளல் வேண்டும். இதனை ஊராருக்கு விளக்கும் கடமை களப்பணியாளரையும் ஆசிரியரையும் சார்ந்தது. அவர்களுள் பலரே இதனை அறிந்திலர் என்பது வருந்தத்தக்கது.

எனினும், எந்த ஓரிரு இடங்கள் என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. 2025 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த பாரத் முன்னறிவிப்பு முறை நாட்டை 6 கிலோமீட்டர் கட்டங்களாகப் பகுத்துக் கணக்கிடுகின்றது. இது பெரிய முன்னேற்றமே. ஆனால் தனித்ததோர் இடிமேகத்தின் அகலம் சில கிலோமீட்டர். அதன் வாழ்நாள் ஏறத்தாழ ஒரு மணி நேரம். இன்ன வயலின்மேல் இன்ன வேளையில் அது எழும் என்பதை முன்னாள் மாலையிலேயே கூற எந்தக் கணிப்பொறிக்கும் இயலாது. அவ்விடைவெளியை நிரப்பவல்லது, வயலில் நிற்பவரின் கண்ணே.

சோட்டா நாகபுரி மேட்டுநிலத்தை இதற்கு எடுத்துக்கொள்ளலாம். மார்ச் முதல் மே வரை, வங்கக் கடலின் ஈரக்காற்று தாழ்வாக உட்புக, அதற்கு மேலே வறண்ட மேல்காற்று வீசுகின்றது. கீழே வெயிலால் நிலம் கொதிக்கின்றது. முற்பகலில் பஞ்சுப் பொதிபோல் சிறு திரள் மேகங்கள் தோன்றுகின்றன. அவை அகலத்தில் மட்டும் பரவினால் அச்சமில்லை. உயரத்தில் வளர்ந்து, உச்சி காலிபிளவர் பூப்போலத் திரண்டு விளிம்பு கூர்மையாகத் தெரியுமாயின் கருத்தூன்றிக் காணவேண்டும். பின்னர் அவ்வுச்சி மங்கி, நாராகப் பிரிந்து, கொல்லன் பட்டடைபோல் தட்டையாகப் பரவுகின்றது. மேலேயுள்ள நீர்த்துளிகள் பனிப்படிகமாயின என்பதற்கு அதுவே அடையாளம்; திரள் மேகம் கார்திரள் மேகமாகிவிட்டது. பிற்பகலில் அங்கு எழும் இப்புயல்கள் தென்கிழக்காக நகர்ந்து மாலையில் வங்காளத்தை அடைகின்றன. கால்பைசாகி என்று அங்கே வழங்குவது இதுவே.

இம்மூன்று நிலைகளையும் கண்டறிவது உயிரைக் காக்கும் அறிவு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி 2022-இல் நாட்டில் 2,887 பேர் மின்னல் தாக்கி மாண்டனர். இடிதாங்கி இல்லாத திறந்த வெளியில் உழைப்போரே மின்னலுக்கு மிகுதியும் இலக்காவோர். 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் வட்டத்துக்குள் மின்னல் உண்டானால் எச்சரிக்கும் தாமினி என்னும் செயலி 2020 முதல் உள்ளது. நன்று, ஆயினும் நாற்று நடுவோர் கைப்பேசியை வரப்பிலோ வீட்டிலோ வைத்துவிட்டே சேற்றில் இறங்குகின்றனர்.

செயற்கைக்கோள் வந்தபின் கண்ணால் பார்ப்பது எதற்கு என்பாரும் உளர். செயற்கைக்கோள் காண்பது மேகத்தின் மேற்புறம். அடிப்புறம் கறுத்துத் தாழ்ந்ததையும், குளிர்காற்று திடீரெனப் புழுதியை எழுப்புவதையும் கீழே நிற்பவரே உணர்கின்றார்.

பள்ளிகளிலோ பத்து வகை மேகங்களின் பெயர்களும் சுவர்ப்படத்திலிருந்து மனப்பாடம் செய்யப்படுகின்றன. சன்னலுக்கு வெளியே நிற்கும் மேகம் யாதென்று கேட்டால் மாணவர் விழிக்கின்றனர். 1802-இல் லண்டனில் மேகங்களுக்கு முதன்முதல் லத்தீன் பெயரிட்டு உரையாற்றிய லூக் ஹோவர்டு தொழிலால் மருந்துப்பொருள் செய்பவர். ஓய்வு வேளையில் வானத்தைப் பார்த்தவர். ஒரு வகை மேகம் மற்றொன்றாக மாறும் வரிசையையும் அவர் கருத்தில் கொண்டிருந்தார். சுவர்ப்படத்தில் விடுபட்டுப்போவது அம்மாற்றமே.

ஆதலின் வகுப்பை முற்றத்துக்குக் கொண்டுவருதல் தகும். காலையிலும் நண்பகலிலும் இருமுறை, வானத்தை எட்டுப் பங்காகக் கொண்டு எத்தனை பங்கு மூடியுள்ளது, எவ்வகை மேகம் என்று மாணவர் குறிக்கட்டும். கையை நீட்டி மூன்று விரல்களை மேகத் துண்டின்மேல் பிடித்துப் பார்க்க, துண்டு அவற்றுள் மறைந்தால் அது நடுவானத்து இடைப்பட்ட திரள். மறையாது புடைத்து நின்றால் தாழ்வானத்துத் திரள். அடிவானத்தை ஒட்டிய மேகங்களுக்கு இக்கணக்குப் பொருந்தாது. அன்றைய மாவட்ட அறிக்கையையும் அதே பக்கத்தில் எழுதி, மாலையில் நடந்ததை ஒப்பிட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. குறிப்பேடு வைத்திருப்பதால் ஆசிரியர் சோதிடர் ஆகிவிடார்; நாளைய மழையைப் பற்றித் தாமே அறிக்கை விடுதல் கூடாது. அவர் கூறத்தக்கது அந்த நேரத்துக்கு உரியது மட்டுமே: பட்டடை பரவிவிட்டது, மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் செல்லுங்கள், கடைசி இடியோசை கேட்டு 30 நிமிடம் கழியுமுன் எவரும் வயலுக்குத் திரும்ப வேண்டாம்.