கிராமத்து வக்கீல்

அமெரிக்க செனட்டர் ஸாம் எர்வினைப் புகழ்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. 1973-இல் வாட்டர்கேட் விசாரணைக் குழுவுக்குத் தலைமை வகித்து, புருவம் துள்ளத் துள்ள நிக்ஸனின் ஆட்களைக் குறுக்கு விசாரணை செய்தாரே, அவர்தான். தம்மை வெறும் கிராமத்து வக்கீல் என்று சொல்லிக்கொள்வார். பேஷ்! வட கரோலினாவில் மார்கன்டன் என்ற சிற்றூரில் பிறந்து அங்கேயே தொழில் நடத்தியது வாஸ்தவம். படித்ததோ ஹார்வர்டில். அதுவும் தலைகீழாக! ஊரில் காத்திருந்த பெண் மனம் மாறிவிடுவாளோ என்று பயந்து, மூன்றாம் வருஷப் பாடத்தை முதலில் படித்தாராம், அப்புறம் இரண்டாவது, கடைசியில்தான் முதலாவது. (இந்த ஒரு காரியத்துக்காக அவரை எனக்குப் பிடிக்கும்.)

அவரைப் புகழ்கிறவர்களும் அவரைக் கடைசி வருஷத்திலிருந்துதான் படிக்கிறார்கள். முதல் வருஷத்துக்கு வருவதேயில்லை.

தம்பி இறந்து காலியான ஸ்தானத்தில் 1946-இல் பிரதிநிதி சபைக்குப் போனார். பிறகு மாகாண உச்ச நீதிமன்ற நீதிபதி. 1954 முதல் இருபது வருஷம் செனட்டர். பள்ளிக்கூடங்களில் கறுப்பர், வெள்ளையர் என்று பிரிக்கக் கூடாதென்று அந்த 1954-இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதைக் கண்டித்து 1956-இல் தென்பகுதி அங்கத்தினர்கள் விட்ட அறிக்கையில் இவர் கையெழுத்தும் இருக்கிறது. 1964-இல் சிவில் உரிமைச் சட்டம், 1965-இல் வாக்குரிமைச் சட்டம், இரண்டையும் எதிர்த்து ஓட்டுப் போட்டார். வெறிபிடித்துக் கத்தவில்லை. சாசனத்தைப் புரட்டுவார், பைபிளில் ஒரு வாக்கியம் சொல்வார், ஊர்க்கதை ஒன்று சொல்லிச் சிரிக்க வைப்பார். கத்துகிறவனையாவது இன்னானென்று கண்டுகொள்ளலாம்.

"மனிதர் கொள்கைவாதி ஐயா, சர்க்கார் கை நீளக் கூடாது என்பார்" என்கிறார் நண்பர். ஒப்புக்கொள்கிறேன். போலீஸ் கதவைத் தட்டாமலே வீட்டுக்குள் நுழையலாம் என்ற 1970 சட்டத்தை எதிர்த்தார். ராணுவம் குடிமக்களை வேவு பார்ப்பதை 1971-இல் சந்திக்கு இழுத்தார். நல்ல காரியங்கள். ஆனால் ஓட்டர் ஜாபிதாவில் பேர் பதியப் போன கறுப்பருக்குப் பரீட்சை வைத்துத் திருப்பி அனுப்பிய குமாஸ்தா இருக்கிறாரே, அவரும் சர்க்கார்தானே? அந்தப் பரீட்சையை நிறுத்த வந்ததுதான் 1965 சட்டம். நிறத்தைக் காட்டி ஓட்டை மறுக்காதே என்று பதினைந்தாவது திருத்தம் 1870 முதல் சாசனத்தில் கிடக்கிறது. சாசனத்தைக் கரைத்துக் குடித்தவர் கண்ணுக்கு அந்தப் பக்கம் மட்டும் தெரியவில்லையா?

"சாசனத்தின் வக்கீல்" என்றார் நண்பர், விடாமல். "1965-இல் அவருடைய கட்சிக்காரர் யார்?" என்று கேட்டேன். அவர் வாட்டர்கேட்டை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.