தாய்ப் பூனை தூக்கும் சுமை

பனிமலைக்குக் குடும்பத்தோடு போவது இன்பம். ஆனால், மூட்டை முடிச்சோடு அங்கே போய்ச் சேர்வது? அதுதான் பெரும்பாடு!

ஜப்பான் நாட்டில் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். வீடு டோக்கியோ நகரத்தில். போக வேண்டிய இடம் நாகானோ மலைப்பகுதி. சுமார் 220 கிலோமீட்டர் தூரம். பள்ளிக்கூடத்துக்குக் குளிர்கால விடுமுறை விட்டாயிற்று. மலையெல்லாம் வெண்பனி. பிள்ளைகளுக்கு இரவில் தூக்கம் வரவில்லை.

எதற்காக இவ்வளவு ஆவல்? பனியில் சறுக்கி விளையாடத்தான்! காலுக்கு ஒன்றாக இரண்டு நீண்ட பலகைகளை மாட்டிக்கொள்வார்கள். மலைச் சரிவில் 'சர்' என்று சறுக்கி வருவார்கள். இந்தப் பலகைக்கு 'ஸ்கீ' என்று பெயர்.

ஆளுக்கு ஒரு மூட்டை

ஸ்கீ, பையில் போட்டு எடுத்துப் போகிற பொருள் அல்ல. பெரியவர்களின் பலகை கிட்டத்தட்ட அவர்கள் உயரமே இருக்கும். அதோடு மாட்டும் பூட்ஸ், கல் போலக் கெட்டியானது, கனமும் அதிகம். ஊன்றுகோல் இரண்டு வேண்டும். தலைக்கவசம், கையுறை, கம்பளி உடைகள் வேண்டும். ஒருவருக்கே ஒரு பெரிய மூட்டை. நான்கு பேருக்கு?

இத்தனையையும் தூக்கிக்கொண்டு படி ஏற வேண்டும்; படி இறங்க வேண்டும். கூட்டம் நிறைந்த ரெயிலில் இடம் பிடிக்க வேண்டும். பலகை யார் தலையிலும் இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு நடுவே, சின்னக் குழந்தை "அம்மா, தூக்கு!" என்று கையை நீட்டும். அம்மாவுக்கு ஏது கை?

குழந்தையைத் தூக்க வேண்டிய கை பலகையைத் தூக்குகிறது. இது என்ன உல்லாசப் பயணம்!

அந்தக் காலத்துப் பாடு

ஜப்பானியருக்கு ஸ்கீ விளையாட்டைக் கற்றுக்கொடுத்தவர் ஓர் ஆஸ்திரிய ராணுவ அதிகாரி. அவர் பெயர் தியோடர் வான் லெர்ச். 1911-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி தகாடா என்ற ஊரில் ஜப்பானியப் படைவீரர்களுக்குப் பயிற்சியைத் தொடங்கினார். படைவீரர்கள் கற்ற வித்தை, பிறகு ஊரெல்லாம் பரவியது.

1950-களிலும் 1960-களிலும் விளையாடப் போகிறவர்கள் டோக்கியோவின் உவெனோ ரெயில் நிலையத்தில் கூடுவார்கள். தோளில் பலகை, முதுகில் பை. இரவு ரெயிலில் ஏறினால் விடியும்போது மலையடிவாரம். வாலிபர்கள் இந்தப் பாட்டைப் பொருட்படுத்தவில்லை. கைக்குழந்தை உள்ளவர்களால் அப்படிப் போக முடியுமா? பாட்டியை அழைத்துப் போகத்தான் முடியுமா?

மூட்டையை முன்னாலேயே அனுப்பலாமே என்று தோன்றும். அதுவும் அன்று எளிதல்ல. கெட்டியாகக் கட்டி, தபால் நிலையத்துக்கோ ரெயில் நிலையத்துக்கோ தூக்கிப் போக வேண்டும். தூக்க முடியாமல்தானே அனுப்ப நினைத்தது!

முதல் நாள் 11 மூட்டை

யமாட்டோ என்பது 1919-ம் ஆண்டில் தொடங்கிய லாரி நிறுவனம். 1971-ல் மசாவோ ஒகுரா என்பவர் அதன் தலைவர் ஆனார். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. தொழில் தள்ளாடியது.

"வீடு வீடாகப் போய் ஒவ்வொரு மூட்டையாக எடுத்தால் கட்டுபடி ஆகாது." இதுதான் அன்றைய லாரித் தொழிலின் கணக்கு. ஒகுரா வேறு கணக்குப் போட்டார். வீட்டில் இருக்கும் பெண்களை மனத்தில் வைத்துத் திட்டம் தீட்டினார். போன் செய்தால் போதும். ஒரே ஒரு மூட்டை என்றாலும் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்வார்கள். கட்டணம் எல்லோருக்கும் விளங்கும்படி இருக்கும். மறுநாளே போய்ச் சேர்ந்துவிடும்.

1976-ம் ஆண்டு ஜனவரி 20-ந் தேதி இந்தத் திட்டம் தொடங்கியது. பெயர் 'தக்யூபின்'. முதல் நாள் வந்த மூட்டைகள் எத்தனை தெரியுமா? வெறும் 11!

இந்த நிறுவனத்தின் சின்னம் பூனை. 1957-ம் ஆண்டிலேயே வைத்தது. ஓர் அமெரிக்க நிறுவனத்தின் சின்னத்தைப் பார்த்து, அதன் அனுமதியோடு அமைத்தது. கருப்புத் தாய்ப் பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போகும். குரங்குக் குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டிக்கு அந்தக் கவலை இல்லை. தாயே கவ்விக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பல் மட்டும் படாது. பிறர் பொருளைச் சுமக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல சின்னம் ஏது?

ஆப்பிள் தந்த யோசனை

நாகானோ, ஆப்பிளுக்குப் பெயர் பெற்ற ஊர். இலையுதிர் காலத்தில் பெட்டி பெட்டியாக ஆப்பிள் வெளியூர் போகும். குளிர்காலம் வந்தால் ஆப்பிள் முடிந்துவிடும். லாரிக்குச் சரக்குக் குறைந்துவிடும்.

அங்கே வேலை பார்த்தவர்கள் யோசித்தார்கள். லாரி சும்மா நிற்கிறது. சாலையிலோ, ஊர் ஊராக வந்தவர்கள் பனிச்சறுக்குப் பலகைகளைத் தூக்க முடியாமல் தூக்கிப் போகிறார்கள். 'இந்தப் பலகைகளை ஏன் ஏற்றி வரக் கூடாது?' என்று கேட்டார்கள்.

1983-ம் ஆண்டு பலகைகளுக்கென்றே தனிச் சேவை தொடங்கியது. இன்றும் அது நடக்கிறது. நீளப் பையில் பலகையை வைத்து, முகவரிச் சீட்டு ஒட்டி வீட்டு வாசலில் கொடுத்துவிடலாம். விளையாடும் நாளுக்கு முந்தைய நாளே விடுதிக்குப் போய்விடும். திரும்பும்போதும் அப்படியே. அம்மாவின் கை குழந்தைக்குக் கிடைத்துவிட்டது!

ஒரு பெரிய தலைவர் பாதை போட்டார். அதில் பலகையை ஏற்றும் யோசனை, மலையோரக் கிளையில் வேலை செய்தவர்களிடமிருந்து வந்தது. மக்கள் எங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்று கவனிப்பவர்களே நல்ல தொண்டு செய்ய முடியும்.

சுமை எங்கே போனது?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அம்மாவின் தோளிலிருந்து இறங்கிய சுமை எங்கே போனது? மாயமாக மறைந்துவிடவில்லை. இன்னொருவர் தோளில் ஏறியிருக்கிறது!

அவர் லாரி டிரைவர். உறைபனியில் வண்டி ஓட்டுகிறார். விடுதி விடுதியாக மூட்டை இறக்குகிறார். அவருக்கும் வீடு உண்டு, பிள்ளைகள் உண்டு. பிறர் பிள்ளைகள் விளையாடும் விடுமுறைதான் அவருக்கு வேலை மிகுந்த காலம்.

முதல் நாள் 11 மூட்டையோடு தொடங்கிய பழக்கம் பெருகிவிட்டது. 2022-ம் ஆண்டுக் கணக்கில், எல்லா நிறுவனங்களும் சேர்ந்து ஜப்பானில் சுமார் 500 கோடி மூட்டைகளை அனுப்பிவைத்தன. மூட்டை பெருகிய அளவுக்கு டிரைவர்கள் பெருகவில்லை. இருப்பவர்கள் நேரம் காலம் பாராமல் உழைத்தார்கள்.

அதனால் அரசு ஒரு வரம்பு வைத்தது. 2024-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல், லாரி டிரைவர் ஆண்டுக்கு 960 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் பார்க்கக் கூடாது. மாதத்துக்குச் சராசரி 80 மணி நேரம். வரம்பே இவ்வளவு என்றால், அதற்கு முன்பு பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள்!

"மூட்டை தாமதமாகுமே! கட்டணம் ஏறுமே!" என்று முணுமுணுப்பு எழுந்தது. ஒரு நாள் தாமதத்தைப் பொறுக்கலாம். தூக்கமில்லாதவர் பனிச்சாலையில் வண்டி ஓட்டுவதைப் பொறுக்கக் கூடாது. இந்தச் சட்டம் நியாயமான சட்டம். இன்னும் இறுக்கினாலும் தவறில்லை.

குடும்பங்கள் செய்யக்கூடியதும் உண்டு. பலகையைக் கடைசி நாளில் கட்டாமல், இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பலாம். முகவரியையும் விளையாடும் தேதியையும் தெளிவாக எழுதலாம். வருவதாகச் சொன்ன நேரத்தில் வீட்டில் இருக்கலாம். பூட்டிய வீட்டுக்கு அவர் இரண்டாம் முறை வராமல் தடுக்கலாம். இதற்கெல்லாம் காசு செலவில்லை. கருணை இருந்தால் போதும்.

விடுதி வாசலில் பலகைகள் வரிசையாகக் காத்திருக்கும். பிள்ளைகள் துள்ளி ஓடுவார்கள். அப்போது பெற்றோர் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்க வேண்டும்: "இது தானாக வரவில்லை கண்ணே! ராத்திரி ஒருவர் தூக்கி வந்தார்."

குட்டியைக் கவ்விச் செல்லும் தாய்ப் பூனைக்கும் இளைப்பாற நேரம் வேண்டும்!