இரத்தம் குடுத்தா அது எங்க போகுது?

கம்பஸில் இரத்ததான முகாம் என்று அறிவித்தல் ஒட்டினால் இப்போதெல்லாம் ஒரு கதை கட்டாயம் வரும். "நாங்க சும்மா குடுப்பம், மேல இருக்கிறவங்கள் அதிலயும் காசு பாப்பாங்கள்." இதைச் சிரித்துவிட்டுக் கடந்துபோக ஏலாது. 2023 இல் மனித இம்யூனோகுளோபியூலின் என்ற பெயரில் தரமற்ற மருந்து எங்கட அரச ஆஸ்பத்திரிகளுக்கே வந்து சேர்ந்தது. அந்தக் கொள்வனவு தொடர்பில், சுகாதார அமைச்சராக இருந்தவர் 2024 பெப்ரவரியில் கைதானார். இம்யூனோகுளோபியூலின் என்பது மனிதரின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கப்படுகிற மருந்து. ஆகவே இரத்தம் குடுக்கிறவருக்குக் கோபம் வருவது நியாயம்தான்.

அந்தக் கோபத்தில் முகாமுக்குப் போகாமல் விடுவதைத்தான் நாங்கள் ஏற்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் திரவவிழையம் என்று படித்த சாமான்தான் பிளாஸ்மா. இரத்தத்தில் அரைவாசிக்கு மேல் அதுதான். வைக்கோல் நிறத்தில் இருக்கும். நாங்கள் குடுக்கிற ஒரு பையை இயந்திரத்தில் சுழற்றிப் பிரித்தால் செங்குருதிக் கலங்கள் ஒருவருக்குப் போகும், சிறுதட்டுகள் இன்னொருவருக்கு, பிளாஸ்மா மூன்றாவது ஆளுக்கு. சிறுதட்டுகள் கிட்டத்தட்ட ஐந்து நாள்தான் தாங்கும், அதுவும் ஓயாமல் ஆட்டிக்கொண்டே வைத்திருக்க வேணும். பிளாஸ்மாவை உறையவைத்தால் ஒரு வருஷம் வைத்திருக்கலாம். பிள்ளை பெற்றபிறகு இரத்தம் நிற்காத தாய்க்கும், ஈரல் பழுதாகி இரத்தம் உறையாதவருக்கும் ஏற்றுவது அதைத்தான்.

அவுஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹரிசன் என்று ஒருவர் இருந்தார். 14 வயதில் பெரிய சத்திரசிகிச்சை. முன்பின் தெரியாத ஆக்களின் இரத்தத்தில் பிழைத்தவர். 18 வயதில் தொடங்கி, 2018 இல் 81 வயதில் நிறுத்தும்வரை 1,173 தடவை குடுத்தார். அவருடைய பிளாஸ்மாவில் அரிதான ஒரு பிறபொருளெதிரி இருந்தது. ஆர்எச் நெகட்டிவ் தாய்மாரின் பிள்ளைகளைக் காப்பாற்றுகிற அன்டி-டி ஊசிமருந்து அதிலிருந்து செய்யப்பட்டது. இத்தனை தரம் குடுத்தும் ஊசி ஏறுவதை அவர் பார்க்கமாட்டாராம், அவ்வளவு பயம். 2025 இல் இறந்துபோனார்.

எங்கட பழக்கம் வேற. வட்ஸ்அப்பில் "ஓ நெகட்டிவ் அவசரம்" என்று வந்தால் மோட்டச்சைக்கிளில் பறப்போம். தெரிந்த அண்ணாவின் மாமிக்கு என்றால் இன்னும் வேகம். யாருக்கென்று தெரியாமல், சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை போய்க் குடுக்கிறவர் குறைவு. ஐந்து நாளில் பழுதாகிற ஒன்றுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை ஆள்தான் தேவை.

அமெரிக்காவில் பிளாஸ்மா குடுத்தால் கம்பனிகள் காசு குடுக்கின்றன, கிழமைக்கு இரண்டு தரம்கூடக் குடுக்கலாம். கைச்செலவுக்காக அங்கே படிக்கிற பெடியளும் வரிசையில் நிற்கிறார்கள். மகாபொல பிந்துகிற மாசங்களில் எங்களில் கனபேருக்கு இது நல்ல யோசனையாகப் படலாம்! ஆனால் அந்த வரிசையில் எப்போதும் நிற்கப்போவது இல்லாதவர்கள்தான். இலங்கையில் 2014 இலிருந்து சேருகிற இரத்தம் முழுவதும் காசு வாங்காமல் குடுத்தது. இலவசக் கல்வி மாதிரி, இதுவும் லேசில் விட்டுக்குடுக்கக்கூடிய ஒன்றல்ல.

சும்மா குடுக்கிறதாலதான் கேள்வி கேட்கிற உரிமையும் எங்களுக்கு இருக்கு. நாங்கள் குடுக்கிற ஒவ்வொரு பையையும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்துக்கும் சோதித்த பிறகுதான் நோயாளிக்குக் குடுக்கிறார்கள். விலைமனுவில் வாற மருந்துக்குப்பிக்கு மட்டும் ஏன் கடதாசி போதுமாக இருந்தது? எந்தக் குப்பி யாரிடம் வாங்கப்பட்டது, எங்கே பரிசோதிக்கப்பட்டது என்பதைப் பொதுமக்கள் பார்க்கக்கூடியதாக வெளியிட வேணும். மாணவர் ஒன்றியங்கள் பனரில் போடவேண்டிய கோரிக்கை இது. முகாமைப் பகிஷ்கரித்தால் அமைச்சருக்கு ஒன்றும் ஆகாது, வார்ட்டில் கிடக்கிற ஆளுக்குத்தான் ஆகும்.

இன்னொன்று. முகாமுக்கு ஆசையாக வருகிற எங்கட பெட்டையள் கனபேர் நிறை காணாமலும் ஹீமோகுளோபின் காணாமலும் திரும்பிப் போகிறார்கள். விடுதிச் சாப்பாட்டைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதவேணும்.

18 இலிருந்து 60 வயது, 50 கிலோவுக்கு மேல் நிறை, போன தரம் குடுத்து நான்கு மாதம். இவ்வளவும் சரியென்றால் முகாம் வரும்வரை பார்த்திருக்கத் தேவையில்லை. பெரியாஸ்பத்திரி இரத்த வங்கிக்கு நேரே போகலாம். அடையாள அட்டையை மறக்கவேண்டாம், காலமைச் சாப்பாட்டையும்.