எகிப்தின் வெள்ளரிக்காய்கள்

பிரித்தானிய முதியோரிடம் பேச்செடுத்தால் போதும், "அந்நாளையத் தொலைக்காட்சிபோல் வருமா?" என்னும் பெருமூச்சு எழும். பண்பான நாடகங்கள், அறிவுக்கு விருந்தான வினாடி வினாக்கள், குடும்பத்தோடு கூச்சமின்றிப் பார்த்த மாலைப் பொழுதுகள் எனப் பட்டியல் நீளும். கிறிஸ்தவர்கள் சிலர் ஒருபடி மேலே சென்று, இறைப்பற்று மங்காத காலத்தின் சான்றாகவே அதனைக் காட்டுகின்றனர். இவ்வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்கள் எகிப்தின் வெள்ளரிக்காயையும் பூண்டையும் நினைத்து அழுததை எண்ணிக்கை நூலில் வாசிக்கிறோம். செங்கல் அறுத்த கை மறந்துவிட்டது, நாக்கு மறக்கவில்லை.

கால்ஸ்வொர்தியின் நாவல்களைத் தழுவிய 'ஃபோர்சைட் சாகா' 1967-இல் பி.பி.சி.யில் 26 பகுதிகளாக வந்தது. அடுத்த ஆண்டு அது ஞாயிறு மாலைகளில் மறு ஒளிபரப்பானபோது, ஆலயங்கள் சில மாலை வழிபாட்டு நேரத்தையே மாற்றிக்கொண்டன. இறைப்பற்று மங்காத காலமாம்! (அந்தக் குருக்களைக் குறை கூறேன், காலி இருக்கைகளுக்கு மறையுரை ஆற்றுவது எளிதன்று.) வெள்ளையர் முகத்தில் கரிபூசிக் கறுப்பினத்தாராக ஆடிப் பாடிய 'பிளாக் அண்ட் ஒயிட் மின்ஸ்ட்ரல் ஷோ'வும் அதே பி.பி.சி.யில் 1958 முதல் 1978 வரை நடைபெற்றது. 1967-இல் அதனை நிறுத்தக் கோரி விண்ணப்பம் அளித்தும் பயனில்லை. குடும்பத்தோடு கூச்சமின்றிப் பார்த்தவற்றுள் இதுவும் ஒன்று. கூசியிருக்க வேண்டாமா?

பணத்தாசையைப் பின்னாளையவர் கொணர்ந்தனர் என்பதும் பொய். 1,000 பவுண்டு வரை பரிசளித்த 'டபுள் யுவர் மணி' 1955-லேயே தொடங்கிவிட்டது. ஆயினும் ஒன்றை நானும் போற்றுகிறேன். 1972-இல் தொடங்கிய 'மாஸ்டர்மைண்ட்' போட்டியை உருவாக்கிய பில் ரைட், போர்க் கைதியாக நாசிகளின் விசாரணைக்கு ஆளானவர். அந்நினைவிலிருந்தே கறுப்பு நாற்காலியும் அடுக்கடுக்கான வினாக்களும் பிறந்தன. வென்றவருக்குக் கிடைத்ததோ ஒரு கண்ணாடிக் கிண்ணம். 1980-இல் அதனை ஏந்திச் சென்றவர் லண்டன் டாக்சி ஓட்டுநர் ஒருவர். பட்டம் பெற்றோர் வியந்து பார்த்தனர்.

நாடகத்திற்கு வருவோம். 1981-இல் கிரனடா நிறுவனம் தயாரித்த 'பிரைட்ஸ்ஹெட் ரீவிசிட்டட்' பற்றிக் கேளுங்கள். மாளிகையைச் சொல்வார்கள், உடைகளைச் சொல்வார்கள், செபாஸ்டியனின் கரடி பொம்மையைச் சொல்வார்கள். மூலநாவலை எழுதிய ஈவ்லின் வா 1930-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தவர். திருச்சபையை விட்டு நெடுங்காலம் விலகியிருந்த பிரபு, மரணப் படுக்கையில் பேச்சற்ற நிலையில் சிலுவை அடையாளம் வரைவதே கதையின் உயிர்நாடி. லாரன்ஸ் ஒலிவியே நடித்த அக்காட்சி, ஏங்குவோரின் நினைவில் ஏனோ பின்னுக்குப் போய்விடுகிறது. அருளை விட்டுவிட்டு அரண்மனையைப் பிடித்துக்கொள்ளும் ஏக்கம் இது.

1966 நவம்பர் 16 அன்று கென் லோச் இயக்கிய 'கேத்தி கம் ஹோம்' ஒளிபரப்பானது. வீடிழந்து விடுதி விடுதியாக அலைக்கழிக்கப்படும் இளந்தாய் கேத்தியிடமிருந்து, இறுதியில் இரயில் நிலையத்தில் அதிகாரிகள் பிள்ளைகளைப் பறித்துச் செல்கின்றனர். ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் பேர் அதைப் பார்த்தனர். நாடாளுமன்றத்திலும் அது பேசப்பட்டது. இரு வாரங்களில் தொடங்கிய 'ஷெல்டர்' என்னும் வீடற்றோர் அமைப்புக்கு ஆதரவு பெருகியது. அன்றைய தொலைக்காட்சியில் நான் இழப்பாகக் கருதுவது இதைத்தான். இன்றும் அந்நாட்டில் வீடற்றோர் தெருவில் உறங்குகின்றனர்; ஆனால் 'கேத்தி'யை மீண்டும் பார்க்க வேண்டுமென்று பெருமூச்சு விடுவோரை நான் கண்டதில்லை.