வளர்த்திக்கு விட்ட துணி

பிறந்த குழந்தைக்கு முதல் உடை கடையிலிருந்து வருவதில்லை. பாட்டனாரின் பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து, வெயிலில் உலர்த்திச் சுற்றுவதே நம் வீடுகளின் வழக்கம். பல்லாண்டு துவைபட்டு மென்மையான நூல் சிசுவின் மேனியை உறுத்தாது என்பது ஒரு காரணம். பெரியவர் உடுத்திய துணியோடு அவருடைய ஆயுளும் சேர்ந்து வரும் என்பது மற்றொரு நம்பிக்கை. பெயர் சூட்டும் நாளில்தான் புதுத்துணி வரும். அதன் பின்னர் கடைவீதிக்கும் குழந்தைக்கும் ஏற்படும் உறவு ஒரு பெருங்கதை. அக்கதையை இம்மாதம் சற்று விரித்துக் கூற விரும்புகிறோம். அதற்குக் காரணமாயிருந்த சிறு நிகழ்ச்சியையும் மறைப்பதற்கில்லை.

சென்ற தீபாவளிக்கு முன்னர் நம் வீட்டுச் சிறுமியை அழைத்துக்கொண்டு சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போய், அங்கே ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குள் நுழைந்தோம். அவளுக்குப் பதினோரு வயது, மெல்லிய உடல்வாகு, ஓட்டத்திலும் படிப்பிலும் ஒருவருக்கும் சளைத்தவளல்லள். கடையில் குழந்தைகளின் உடைகள் வயதுப்படி தொங்கவிடப்பட்டிருந்தன. பதினொன்று என்று சீட்டுக் கட்டிய கௌன் தோளிலிருந்து நழுவி விழுந்தது. பத்தும் அவ்வாறே. விற்பனைக்கு நின்ற பெண் எட்டு வயதுக்குரியதை எடுத்து வந்து அளவு பார்த்து, "சரியாயிருக்கிறது" என்றாள். அத்துடன் நின்றிருக்கலாம். பாப்பா வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லையா என்று தெலுங்கில் உரக்கவும் கேட்டுவிட்டாள். அருகில் நின்ற நான்கு பேர் திரும்பிப் பார்த்தனர். கேட்டவளுக்குத் தீய எண்ணம் சிறிதுமில்லை. ஆயினும் சிறுமி அந்தக் கௌனைத் தொட மறுத்துவிட்டாள். வெறுங்கையோடு ஊர் திரும்பினோம்.

துணிக்கு ஏற்ற குழந்தையா, குழந்தைக்கு ஏற்ற துணியா என்னும் கேள்வி பஸ்ஸில் வரும்போதெல்லாம் நம் மனத்தை அரித்தது. நம் இளமையில் இக்கேள்வி எழ இடமே இருந்ததில்லை.

அந்நாளில் சித்தூர் பஜார் வீதியாயினும் திருப்பதி காந்தி ரோடாயினும், துணிக்கடை என்பது துணியைக் கிழித்துக் கொடுக்கும் இடம். பாப்ளின், வாயில், மல், சீட்டி என்று தான் தானாக அடுக்கியிருக்கும். கஜக்கோலால் அளந்து, பல்லால் ஒரு கடி கடித்து, சர்ரென்று கிழித்துத் தருவார்கள். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவை வந்து, கஜம் மெல்ல மீட்டருக்கு வழிவிட்ட பிறகும் நம் பாட்டிமார் கஜக் கணக்கிலேயே பேசினர். குழந்தைக்கென்று தனிப் பகுதி கடையில் கிடையாது. குழந்தை என்பது கடைக்காரருக்கு ஒன்றரை கஜம் அல்லது இரண்டு கஜம், அவ்வளவே. அது உடையாவது திண்ணையில் ஸிங்கர் மிஷினோ உஷா மிஷினோ போட்டிருந்த தையற்காரரிடம்.

அவரிடம் சொல்லவேண்டிய வாசகம் எல்லா வீட்டிலும் ஒன்றே: "வளர்ற பிள்ளை, வளர்த்திக்கு விட்டுத் தையுங்கள்." அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பையனுடைய சட்டைக்கு அக்குளிலும் பக்கங்களிலும் உள்தையலில் துணி விட்டுவிடுவார். கால்சட்டைக்கு இடுப்பிலும் அடியிலும் மடிப்பு விடுவார். பெண் குழந்தையின் பாவாடைக்கோ பெரிய ஏற்பாடு. சின்னஞ்சிறுமிக்கு இடுப்பில் நிற்காது என்று பாடி வைத்துத் தைப்பார். விளிம்புக்குச் சற்று மேலே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று டக்கு பிடிப்பார். பார்ப்பதற்கு அது அலங்காரம் போலிருக்கும். உண்மையில் அது மூன்று வருஷத்துச் சேமிப்பு. ஆண்டுக்கொரு டக்கைத் தாய் பிரித்துவிட, பாவாடை குழந்தையோடு சேர்ந்து இறங்கிக்கொண்டே போகும். பிறகு தங்கைக்கு, பிறகு தலையணை உறைக்கு, கடைசியில் அடுப்பங்கரையில் கரித்துணி. பட்டுப் பாவாடைக்கு ஆயுள் இன்னும் அதிகம். அம்மாவின் பழைய காஞ்சிப் பட்டு முன்றானையில் இற்றுப்போனதும் உடற்பகுதி மகளுக்குப் பாவாடையாகும். ஜரிகைக் கரை அப்படியே விளிம்பாகும்.

அக்காலத்தைப் பொற்காலமென்று நாம் கூற வரவில்லை. வேறு அவமானங்கள் இருந்தன. ஒரே தானில் எடுத்து அண்ணன் தம்பி நால்வருக்கும் ஒரேமாதிரிச் சட்டை தைத்துப் போட்டு, பாண்டு வாத்தியக்காரர் போல வீதியில் நடக்கவிட்டது யாருக்கு மறக்கும்? தொளதொளவென்ற சட்டை உடலுக்குப் பொருந்தும் நாளில் கிழிந்து போயிருக்கும். தையற்காரர் தீபாவளிக்கு முதல்நாள் இரவு வரை காஜா எடுக்கவில்லை என்று கைவிரிப்பார். பொத்தானில்லாத சட்டையை ஊக்கு மாட்டிப் போட்டுக்கொண்டு மத்தாப்புக் கொளுத்தியவர் பலர். நம் ஊர்த் தையற்காரருக்கு மட்டும் ஆண்டில் இரண்டு அறுவடை: தீபாவளிக்கு நம்மவர், உகாதிக்குத் தெலுங்கர். சங்கராந்திக்கு இரு சாராரும் சேர்ந்து நெருக்குவர்.

திருப்பதி இவ்விஷயத்தில் சித்தூரைப் போன்றதன்று. சித்தூர் ஊர்க்காரருடைய கடைவீதி. திருப்பதி யாத்திரிகருடைய கடைவீதி. மலைமேல் கல்யாணகட்டையில் குழந்தைக்கு முதன்முடி இறக்கி, நீராட்டி, தலையில் சந்தனம் பூசியதும் புத்தாடை உடுத்த வேண்டும். எங்கிருந்தோ வந்த குடும்பம் தையற்காரரிடம் நான்கு நாள் காத்திருக்க இயலுமா? கையிலெடுத்ததும் மாட்டக்கூடிய உடை அவர்களுக்கு வேண்டும். ஆயத்த ஆடைக்கு இவ்வூரில் தேவை இயல்பாகவே இருந்தது என்பது நம் அபிப்பிராயம். மொட்டைத் தலையும், சந்தனமும், மடிப்புக் கலையாத புதுக் கௌனுமாக நிற்கும் குழந்தையைப் போல அழகிய காட்சி வேறில்லை என்பதும் நம் அபிப்பிராயமே. அதே கடையில் நம் வீட்டார் பாவாடை தாவணி கேட்டால், 'லங்கா ஓணியா?' என்று திருப்பிக் கேட்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

பள்ளிச் சீருடை வந்தபோது கணக்கு மீண்டும் மாறியது. சென்னைப் பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்நாடிக் என்னும் இரு ஆலைகள் 1920-இல் ஒன்றாக இணைந்து பின்னி மில் என்று பெயர் விளங்கின. பின்னியின் காக்கித் துணி போலீஸ்காரருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பொதுவாயிருந்தது; 1996-இல் அவ்வாலை மூடப்பட்டது. கைத்தறிக்கு வேறொரு வழி. 1935-இல் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டபோது சித்தூர் ஜில்லாவும் அதே மாகாணத்தைச் சேர்ந்ததே. அச்சங்கமே பின்னாளில் கோ-ஆப்டெக்ஸ் என்று கடைவீதிதோறும் பெயர்ப்பலகை மாட்டியது. 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிரிந்தது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்குச் சென்றது. நகரி, புத்தூர், நாராயணவனம் ஆகிய தறி ஊர்கள் ஆந்திரத்திலேயே தங்கின. ஆந்திரத்தின் கைத்தறிக் கடைகளுக்கு 'ஆப்கோ' 1976-இல் ஏற்பட்டது.

எல்லை பிரிந்ததன் பலன் குழந்தையின் சட்டையிலும் தெரிகிறது. தமிழ்நாட்டில் சத்துணவு உண்ணும் மாணவருக்கு 1980-களில் விலையில்லாச் சீருடை தொடங்கிற்று. 2012-13 முதல் ஆண்டுக்கு நான்கு இணை என்றாயிற்று. கோ-ஆப்டெக்ஸ் துணி கொடுக்க, பெண்கள் தையற் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்து, தைத்த உடையாகவே பிள்ளைக்குச் சேர்கிறது. ஆந்திரத்தில் 2020 அக்டோபர் 8-ஆம் தேதி தொடங்கிய திட்டமோ மூன்று இணைக்குரிய துணியைக் கையில் கொடுத்து, தையற்கூலியைத் தாயின் கணக்கில் செலுத்த ஏற்பாடு செய்தது. முன்னதனால் தையற் சங்கத்துப் பெண்களுக்கு வேலை. பின்னதனால் பிள்ளைக்கு அளவு. எது மேல் என்று எளிதில் தீர்ப்புக் கூற முடியவில்லை. வளர்த்திக்கு விட்டுத் தைக்கச் சொல்லும் உரிமை தாயிடமே இருப்பதால் நம் மனம் இரண்டாவதன் பக்கம் சற்றே சாய்கிறது. 2024-இல் இத்திட்டத்துக்குச் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பெயர் சூட்டப்பட்டது. அவர் பிறந்தது திருத்தணியில். சிறுவராய்ப் படித்தது திருப்பதி லூத்தரன் மிஷன் பள்ளியில். எல்லையின் இருபுறமும் உரிமை கொண்டாடத்தக்க பெயர்தான்.

இனி வயதுச் சீட்டின் கதைக்கு வருவோம். இது மேல்நாட்டுக் கடைவீதியில் வளர்ந்த பழக்கம். இங்கிலாந்தில் உல்வொர்த் என்னும் கடை 1909-இல் லிவர்பூலில் தொடங்கி, மூன்று பென்ஸ், ஆறு பென்ஸ் விலைக்கே எதையும் விற்று ஊரூராய்ப் பரவியது. பொஹீமியாவிலிருந்து வந்து 1932-இல் லாங்லி என்னும் ஊரில் ஆலை வைத்த பாசோல்டு குடும்பத்தார் தாம் தைத்த குழந்தையுடைகளுக்குப் பொறிவண்டுச் சின்னமிட்டு, 'லேடிபேர்ட்' என்று பெயர் வைத்தனர். அவர்களும் நம்மைப் போலப் பிழைக்க வந்த குடும்பத்தாரே. உல்வொர்த் கடைக்குப் போனால் பொறிவண்டுச் சட்டை என்று அந்நாட்டுப் பிள்ளைகள் பல தலைமுறை வளர்ந்தனர். 2009 ஜனவரி 6-ஆம் தேதியோடு எண்ணூறுக்கு மேற்பட்ட அக்கடைகள் யாவும் மூடப்பட்டுவிட்டன.

ஆயிரக்கணக்கில் தைத்து, குழந்தையைக் காணாமலே விற்க வேண்டுமானால் ஏதேனும் ஓர் எண் வேண்டும். வயது எல்லாத் தாயாருக்கும் தெரிந்த எண். ஆனால் அது சரியான எண்ணா? அமெரிக்க அரசாங்கம் 1937 முதல் 1939 வரை நான்கு முதல் பதினேழு வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 1,47,000 பிள்ளைகளை நிறுத்தி வைத்து உடலளவு எடுத்தது. ரூத் ஓப்ரையன் என்னும் அம்மையார் முன்னின்று நடத்திய அவ்வாராய்ச்சி 1941-இல் அச்சேறியது. வயதைக்கொண்டு உடையளவு கூறுவது பயன்படாது, உயரமும் இடுப்புச் சுற்றளவுமே நம்பத்தக்கவை என்பது அதன் முடிவு. ஒன்றரை லட்சம் குழந்தைகளை அளந்து கண்ட அந்த உண்மை திண்ணைத் தையற்காரர் அறியாததன்று. ஆயினும் கடைகள் வயதை விடவில்லை. சொல்வதற்குச் சுலபமாயிற்றே!

நம் நாட்டுக் கடைகளில் இருபது, இருபத்திரண்டு, இருபத்துநான்கு என்று இரண்டிரண்டாக ஏறும் அங்குல எண்ணும் வழங்குகிறது. அது வயதைவிட எவ்வளவோ மேல். குழந்தையை எடைபோடாமல் துணியை மட்டுமே அளக்கிறது. வயதுச் சீட்டு பெரிதும் வருவது பின்னலாடையோடு. திருப்பூரில் வெளிநாட்டுக் கடைகளுக்காகத் தைக்கப்பட்டு மிஞ்சியவை காதர்பேட்டைச் சந்தைக்கு வந்து, அங்கிருந்து ஊரூராய்த் தள்ளுவண்டி வரை இறங்குகின்றன. அந்தச் சீட்டிலுள்ள 'எட்டு வயது' எந்த ஊர்க் குழந்தையின் எட்டு வயது? வாங்கும் நாட்டுக் குழந்தையினுடையது. நம் பதினோரு வயதுச் சிறுமி அதற்குள் அடங்கினால் குற்றம் யாருடையது?

நமக்கென்று அளவு வகுக்க முயற்சி நடவாமலில்லை. 'நிஃப்ட்' நிறுவனம் மேற்கொண்ட 'இந்தியா சைஸ்' ஆய்வு ஆறு நகரங்களில் 25,000 பேரை நவீனக் கருவியால் அளப்பதென்று திட்டமிட்டது. வரவேற்கத்தக்க முயற்சி. ஆனால் அதன் வயது எல்லை பதினைந்து முதல் அறுபத்தைந்து. ஆண்டுதோறும் அளவு மாறுகின்ற பிள்ளைகள்தாம் அக்கணக்கில் விடுபட்டவர்கள்.

திருப்பதியிலிருந்து திரும்பிய மறுநாள், சிறுமியைச் சித்தூரில் நம் பழைய தையற்காரரிடம் அழைத்துச் சென்றோம். இலைப்பச்சையில் பருத்திப் பாவாடைத் துணி, அரக்குக் கரை. அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, "நிமிர்ந்து நில்லம்மா" என்று டேப்பை எடுத்தார். இடுப்பு, உயரம், தோள், கைநீளம் என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதினார். வயதை அவர் கேட்கவேயில்லை. எழுதி முடித்துவிட்டு நம்மைப் பாராமல் அவளையே பார்த்து, "வளர்த்திக்கு எவ்வளவு விடட்டும், பாப்பா?" என்றார். அவள் சிறிது யோசித்து, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே மூன்று டக்கு என்று குறித்துக்கொண்டார்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாகவே பாவாடை வந்துவிட்டது, காஜாவும் எடுத்திருந்தார். சென்ற வாரம் முதல் டக்கைப் பிரித்தோம். பிரித்த இடத்தில் மட்டும் பச்சை இன்னும் வெளுக்காமல் ஒரு விரற்கடை அகலத்துக்குக் கோடு போல் தெரிகிறது.